ரம்புத்தான் நிழல்

வள்ளியம்மாவிடம் அந்தப் பொய்யைச் சொன்னபோது தங்கராஜு அவள் கூரையில் சாத்திய ஏணியிலிருந்து பாதிதான் இறங்கியிருந்தான். தரையில் நின்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தால் ஒருவேளை நாக்கு புரண்டிருக்காது.

"மரம் மறைக்குதுக்கா. நெழலு விழுந்தா சோலார் தகடு வேல செய்யாது."

அவள் தன் வீட்டின் கிழக்கு ஜன்னலை ஒட்டி நின்ற ரம்புத்தான் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "நெழலுதானா? வேற ஒன்னும் இல்லையே தம்பி?"

"வேற ஒன்னும் இல்ல."

ரந்தாவ் ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த அந்தத் தோட்டம் தொண்ணூற்று மூன்றில் கைமாறியபோது, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கு மின்சாரம் தந்த ஜெனரேட்டரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போக இடமில்லாத சில குடும்பங்கள் மண்ணெண்ணெய் விளக்கோடு தங்கிவிட்டன. சிரம்பான் நகரில் வயரிங் வேலை பார்த்த தங்கராஜு, தான் உறுப்பினராக இருந்த பொதுநல மன்றத்தின் கூட்டத்தில் எழுந்து நின்று, "கூரைமேல சோலார் தகடு வச்சு, லாரி பேட்டரியில சேத்து, வீட்டுக்கு ரெண்டு லைட்டு எரிய வைக்கலாம். கூலி வேணாம், நான் செஞ்சு தாரேன்" என்றான். சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வேலையும் செய்தான். அதில் அவனுக்குப் பெருமை இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

கையில் கடைசியாக ஒரு தகடுதான் மிஞ்சியிருந்தது. அதை வள்ளியம்மாவுக்கு என்று அவன்தான் முதலில் சொல்லியிருந்தான். அவள் கணவர் மணியம் பக்கவாதத்தில் விழுந்து, கை கால் வராமல், பேச்சும் இல்லாமல் கிடந்தார். இரவில் அவரைப் புரட்டிப் போட, துணி மாற்ற, அவள் விளக்கைப் பக்கத்தில் கொண்டுவருவாள். புகை பட்டதும் அவருக்கு இருமல் வந்துவிடும். விளக்கைத் தள்ளி வைத்தால் முதுகுப் புண் தெரியாது. இதையெல்லாம் அவள் புகார்போல அல்லாமல் சாதாரணமாகத்தான் சொல்லியிருந்தாள்.

ஆனால் தகட்டைப் பொருத்தும் அன்று மன்றத்தின் தலைவர் விசுவநாதன் பத்திரிகைக்காரர் ஒருவரைக் காரில் அழைத்துவந்திருந்தார். லயத்தின் கடைக்கோடியில் இருந்த வள்ளியம்மா வீடுவரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பியவர், தங்கராஜுவின் தோளில் கைபோட்டு, "ரோட்டோரமா இருந்தா நாலு பேருக்குத் தெரியும்லா. படமும் நல்லா விழும்" என்றார். கட்டாயப்படுத்தவில்லை. மறுத்திருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார். தங்கராஜு மறுக்கவில்லை. வள்ளியம்மாவின் கூரையில் ஏறி அளப்பதுபோல் பார்த்துவிட்டு, நிழல் என்று சொல்லி இறங்கினான். சாலையோர வீட்டில் நல்லசாமியும் அவர் மனைவியும் நல்ல தெம்போடு இருந்தார்கள். தகடு அங்கே ஏறியது. படத்தில் தங்கராஜு தலைவருக்குப் பக்கத்தில் ஸ்பேனரோடு நின்றான்.

உண்மையில் அந்த மரத்தின் நிழல் காலையில் கொஞ்ச நேரம் கூரை ஓரத்தில் விழுந்து விலகிவிடும். அதன் பிறகு பொழுது சாயும்வரை தகரம் முழுக்க வெயில்தான். அதை அவன் முன்பே அளந்து பார்த்திருந்தான்.

அடுத்த மாதம் பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க மோட்டார் சைக்கிளில் வந்தான். காலை நேரம். லயத்தின் கோடியில் ஏதோ இடம் மாறியதுபோல் வானம் அதிகமாகத் தெரிந்தது. கிட்டே போன பிறகுதான் புரிந்தது. மரம் இல்லை. அடிக்கட்டை மட்டும் பச்சையாக நின்றது. சுற்றிலும் காய்ந்த இலைகள். பழுக்காத ரம்புத்தான் கொத்துகள் கருத்துச் சுருங்கிக் கிடந்தன. பருவத்தில் அந்தப் பழத்தைக் கூடையில் கட்டி ரந்தாவ் பாசார் சந்தைக்கு அவள் கொண்டுபோவது லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

மோட்டார் சத்தம் கேட்டு வள்ளியம்மா வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா தம்பி? நல்லசாமி அண்ணந்தான் கோடாலி போட்டாரு. வெட்டி முடிக்க ரெண்டு நாளு ஆச்சு அவருக்கு. இப்ப வெயிலு அப்படியே அடிக்குதுலா! ஏணி எடுத்தாரச் சொல்லவா?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் முகம் தெரியும் என்று இருந்தது. தகடு தீர்ந்துவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவள் நம்புவாள். போன தடவையும் நம்பினாள். ஹெல்மெட்டைக் கழற்றி மோட்டாரின் மேல் வைத்தான்.

"அக்கா... தகடு இல்ல."

"பரவால்ல, வரும்போது..."

"ஒங்களுக்குன்னு வச்சிருந்த கடைசித் தகட்ட அன்னிக்கே நல்லசாமி அண்ணன் வீட்டுக்குக் குடுத்தாச்சு. படம் புடிக்க ரோட்டோரமா வேணும்னாங்க. நானும் சரின்னுட்டேன். நெழலு ஒரு காரணமே இல்ல. ஒங்ககிட்ட பொய் சொன்னேன்."

சிரிப்பு அவள் முகத்தை விட்டு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாததுபோல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"அப்போ," என்றாள், "மரம் நின்னிருக்கலாமா?"

அவன் ஆமென்று தலையசைத்தான். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவள் குனிந்து காலடியில் கிடந்த ஒரு காய்ந்த கொத்தை எடுத்து, கட்டையின் மேல் வைத்தாள்.

உள்ளேயிருந்து முனகல் கேட்டது. அவள் ஓடினாள். அவனும் வாசல்வரை போனான். மரம் இருந்த பக்கத்து ஜன்னல் வழியாக வெயில் நேராகக் கட்டிலின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மணியத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. கண்களை இறுக்கி மூடியிருந்தார். மூடிய இமைகளிலிருந்து நீர் காதுவரை வழிந்திருந்தது. ஜன்னலில் கட்டியிருந்த பழைய கைலி வெளிச்சத்தைத் தடுக்கவில்லை.

"தெனமும் இந்த நேரத்துக்கு இப்படித்தான்," என்றாள் வள்ளியம்மா, அவனைப் பார்க்காமல். "லைட்டு வந்துருமேன்னு பொறுத்துக்கிட்டிருந்தோம். ஒத்த ஆளா நகத்த முடியல. அந்தப் பக்கம் புடிங்க தம்பி."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தான். தூக்கினார்கள். சுவரோரம் வைத்தார்கள், அங்கேயும் வெயில் அவர் மார்புவரை வந்தது. அலமாரியைத் தள்ளி மறுபடி தூக்கினார்கள். சின்ன அறை. அவள் தலைமாட்டைப் பிடித்தபடி பின்னால் நடக்க, அவன் அவள் கால்களையே பார்த்துக்கொண்டு, நிழல் இருக்கும் மூலையைத் தேடித் தேடி, அந்த மனிதரைச் சுமந்தபடி மெதுவாகத் திரும்பினான்.