அமாவாசைக்குள் ஒரு அடுப்பு

எனக்கு வாய் ஜாஸ்தி என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பெற்ற பெண் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறவள் எவளாவது இருந்தால் கூட்டி வாருங்கள், அவள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

அது உலக யுத்தம் முடிந்த வருஷம். சண்டை முடிந்ததே தவிர ரேஷன் முடியவில்லை. செஞ்சியில் ஐப்பசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ராஜகிரி மேல் மேகம் இறங்கினால் இறங்கினதுதான், நாலு நாளைக்கு மலை கண்ணில் படாது. விறகெல்லாம் ஈரம். எங்கள் வீடோ ஒரே அறை. அதிலேயே படுக்கை, அதிலேயே மண் அடுப்பு. ஈர விறகை வைத்து ஊதினால் அடுப்புக்குள் போகிற காற்றைவிட என் மூக்குக்குள் வருகிற புகைதான் அதிகம். என் பெண் சாமுண்டீஸ்வரிக்கு அப்போது ஆறு வயசு. நான் அடுப்பு மூட்டினால் போதும், அவளுக்கு இழுப்பு வந்துவிடும். விலா எலும்பு உள்ளே போய் உள்ளே போய் வரும். "அம்மா, ஊதாதம்மா" என்பாள். ஊதாமல் சோறு எப்படி வேகும்?

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். மருந்து பாதிதான், புகை ஆகவே ஆகாது, புகை இல்லாத இடத்தில் குழந்தையை வைத்திருங்கள் என்று.

என் வீட்டுக்காரருக்கு ரிஜிஸ்தர் ஆபீசில் பத்திரம் நகல் எழுதுகிற வேலை. டாக்டர் சொன்ன அன்றைக்கே என்னைக் கேட்காமல் அவர் அக்காவுக்குக் கார்டு போட்டுவிட்டார். நாத்தனார் கமலாம்பாள் அவலூர்பேட்டையில் இருக்கிறாள். பெரிய வீடு, சமையல்கட்டு தோட்டத்தில் தனியாக இருக்கிறது, புகை வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பிள்ளை கிடையாது. சாமுண்டிக்கு இரண்டு வயசாக இருக்கும்போதே, "இவள எனக்குக் குடுத்துடு ரத்தினம், நீ வேற பெத்துக்க" என்று என்னிடம் கேட்டவள். நான் வேறு பெறவில்லை. அது வேறு கதை.

பதில் கார்டு வந்தது. கார்த்திகை அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்கு வருகிறாளாம், மறுநாள் செஞ்சிக்கு வந்து குழந்தையைக் கூட்டிப் போகிறாளாம்.

"எத்தினி நாளைக்கு?" என்று கேட்டேன்.

"இழுப்பு நிக்கிற வரைக்கும்" என்றார்.

"உங்க அக்கா மடியில ஏறினது எறங்குமா? அமாவாசைக்கு இன்னும் எத்தினி நாள் இருக்குது?"

"பதினெட்டு."

"அதுக்குள்ள புகையில்லாத அடுப்பு ஒண்ணு இந்த வூட்டுக்கு வரணும். வந்துட்டா எம் பொண்ணு எங்கியும் போவ மாட்டா. வரலன்னா கூட்டிக்கினு போவட்டும், நா வாயத் தொறக்க மாட்டேன்."

"நீயா?" என்றார். வேறு நேரமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

முதலில் வந்தது பம்ப் ஸ்டவ். மாற்றலாகிப் போன ஓவர்சீயர் ஒருவரிடமிருந்து வாங்கி வந்தார். பித்தளை, பளபளவென்று இருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து பம்ப் அடித்து ஏற்றினதும் 'உஸ்ஸ்' என்று நீலமாக எரிந்தது பாருங்கள், சாமுண்டி கைதட்டினாள். கொஞ்ச நேரத்துக்குள் சோறு பொங்கிவிட்டது. குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், ஒரு இருமல் இல்லை. அன்றைக்கு நான் மாமியார் படத்துக்குக்கூடக் கற்பூரம் காட்டினேன், அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் விடியற்காலையில்தான் நான் அந்தக் காரியம் பண்ணினேன். அடுப்பு என்று ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் அதை மெழுகாமல் உலை வைக்கலாமா? என் அம்மா வைத்ததில்லை, நானும் வைத்ததில்லை. சாணியைத் தண்ணீராகக் கரைத்து, தலை, கால், கழுத்து ஒன்று விடாமல் ஸ்டவ்வை மெழுகினேன். தலையில் இருந்த பொந்துகளுக்குள் விரலை விட்டுத் துடைத்தேன். மேலே அரிசி மாவில் சின்னதாக ஒரு கோலம், நடுவில் குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அவர் வந்து பம்ப் அடித்தார். 'புர்' என்றது. இன்னும் அடித்தார். மஞ்சள் நெருப்பு பரண் வரைக்கும் எழும்பியது. மனுஷர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஒரே தாவு தாவினார். கோணியை நனைத்துப் போட்டு நான்தான் அணைத்தேன். அறை முழுக்கக் கரி.

"அடிப்பாவி, இதுக்குள்ள இன்னாத்த ஊத்துன?"

"ஒண்ணும் ஊத்தலயே. சாணி போட்டு மெழுகினேன்."

"ஸ்டவ்வையா?"

"அதுவும் அடுப்புதான?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் வருகிற கண்ணில் சாணியும் மாவும் சேர்ந்து அப்பி இறுகிப்போயிருந்தன. இரண்டு நாள் ஆபீஸ் விட்டு வந்ததும் பின்னை வைத்துக் குத்திக் குத்தி, மண்ணெண்ணெயிலேயே கழுவினார். கழுவின எண்ணெய் போக மிச்சம் இருந்ததில் மூன்று நாள் எரிந்தது. பிறகு ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போனால் அடுத்த மாசம் வா என்கிறான். கார்டுக்குக் கொடுக்கிற எண்ணெய் விளக்குக்கே பத்தாது என்று எனக்கு முன்னாலேயே தெரியும், அவருக்கும் தெரியும். ஆசை, என்ன செய்வது? ஸ்டவ் பரணுக்குப் போனது. அவர் தெருவெல்லாம் என் சாணியைத்தான் சொன்னார், ரேஷனைச் சொல்லவில்லை.

அடுத்தது கரி. "பெட்ரோல் இல்லாம பஸ்ஸே கரியில ஓடுது, ஒரு படி அரிசி வேகாதா?" என்று அவரே யோசனை சொல்லி, இரும்புக் கும்மட்டி அடுப்பு ஒன்று கொண்டுவந்தார். கணகணவென்று பிடித்தது, புகை என்பது மருந்துக்குக்கூட இல்லை. இதுதான் என்று நினைத்தேன். மத்தியானம் சாரல் அடித்ததால் இரண்டு கதவையும் சாத்திக்கொண்டு பருப்பு வேக வைத்தேன். குழந்தை குளிருக்குக் கும்மட்டி பக்கத்திலேயே படுத்துத் தூங்கிப் போனாள். எனக்குத் தலை வலித்தது. சாப்பிடாததால் என்று நினைத்தேன். எழுந்தால் கால் நிற்கவில்லை. "சாமுண்டி" என்றேன். பதில் இல்லை. உலுக்கினேன். தலை துவண்டு என் கையிலேயே விழுந்தது.

அவளை வாரிக்கொண்டு கதவை உதைத்துத் திறந்து தெருவில் போய் மழையில் நின்றேன். முகத்தில் தண்ணீர் பட்டுப் பட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். "ஏம்மா நனையறோம்?" என்று கேட்டாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு தெருவே கேட்கிற மாதிரி அழுதேன். அப்புறம் உள்ளே போய்க் கும்மட்டியை இடுக்கியால் தூக்கி வாசலில் எறிந்தேன்.

அவர் ஓடி வந்து, "புகையே இல்லையே, எப்பிடி?" என்றார்.

"புகையில்லாமயே ஆள முடிச்சிருக்கும்" என்றேன். பிறகு நானே சொன்னேன். "உங்க அக்கா வந்தா அனுப்பி வெச்சிடுங்க. எம் பொண்ணு எங்கியானா உசுரோட இருந்தா போதும்."

எனக்கு வாய் ஜாஸ்தி என்று சொன்னவர்கள் அன்றைக்கு என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

அமாவாசைக்கு ஐந்து நாள் இருந்தது. அவலூர்பேட்டை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவரப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மழைக்குப் பச்சமுத்துவின் டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. ஒருத்தரும் ஊதவில்லை, ஒருத்தரும் விறகு தள்ளவில்லை. மேலே பார்த்தால் கீற்றுக்கூடக் கருக்கவில்லை. அண்டாவுக்கு அடியில் ஒரு பழைய மண்ணெண்ணெய் டின், அவ்வளவுதான்.

"இது இன்னா அடுப்பு அண்ணே?"

"மரத்தூள் அடுப்பும்மா. விடியக்கால மூட்டினா மத்தியானம் வரைக்கும் நின்னு எரியும்."

"புகை?"

"மொதல்ல கொஞ்சம் வரும், அப்புறம் வராது. ஆனா கெட்டியா அடைக்கணும். அதுலதான் எல்லாம் இருக்குது."

டின்னின் பக்கவாட்டில் அடியோரமாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு கட்டையை உள்ளே விட்டு, நடுவில் ஒரு பாட்டிலை நிற்கவைத்து, சுற்றிலும் தூளைப் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். பிறகு பாட்டிலையும் கட்டையையும் திருகி உருவிவிட்டால் நடுவில் குழாய் மாதிரி வழி நிற்கும். கீழே நெருப்பு வைத்தால் அந்த வழியாக மேலே வரும்.

"மரத்தூளுக்கு நா எங்க போவேன்?"

"அத ஓட்டல்காரங்க மொத்தமா அள்ளிக்கினு பூடறாங்க. மல்லாட்டை மிஷின்ல தோலு மலையாட்டம் குவிஞ்சி கெடக்குதே, கேட்டா சும்மாவே குடுப்பான். அத இடிச்சிப் பாரேன்."

பஸ் நேரத்தைக் கேட்க மறந்துவிட்டேன். அவரிடமே ஒரு பழைய டின்னை வாங்கிக்கொண்டு, நேராக மிஷினுக்குப் போய் ஒரு கோணி மல்லாட்டைத் தோலை, நிலக்கடலைத் தோலைத்தான், தலையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

முதல் தரம் சொதப்பிவிட்டது. அவசரத்தில் தோலை அரையும் குறையுமாக இடித்து அடைத்தேன். நெருப்பு வைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் உள்ளே பொலபொலவென்று சரிந்து, ஈர விறகு பரவாயில்லை என்கிற அளவுக்குப் புகை. நல்லவேளை, கொல்லைப்பக்கம் வைத்துத்தான் மூட்டினேன்.

"இதுக்கு அந்த மண் அடுப்பே தேவலயே" என்றார் அவர்.

"வாய மூடிக்கினு அந்த ஒலக்கைய எடுங்க."

ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தா சட்டையைக் கழற்றிவிட்டு உலக்கை போட்டதைப் பார்க்கப் பக்கத்து வீட்டு ராயம்மாள் பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "அண்ணன் அவல் இடிக்கிறாரா?" என்று வேறு கேட்டாள். அவர் காதில் வாங்காமல் இடித்தார். அந்த மனுஷருக்கும் பெண்ணை அனுப்ப மனசில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ரவை மாதிரி இடித்துச் சலித்து, ஒவ்வொரு பிடியாகப் போட்டுக் கட்டையால் குத்திக் குத்தி அடைத்தோம். பாட்டிலைத் திருகி எடுத்தபோது வழி அப்படியே நின்றது.

கொல்லையில் மூட்டினோம். முதல் புகை போகிற வரைக்கும் காத்திருந்து, கோணித்துணியால் இரண்டு பேருமாகப் பிடித்துத் தூக்கிவந்து கொல்லைக் கதவோரம் வைத்தோம். கதவை மூடவில்லை. சாரல் அடித்தால் அடிக்கட்டும், இனி அடுப்பு எரியும்போது அந்த வீட்டில் கதவு சாத்துகிற பேச்சே கிடையாது. சோறு வெந்தது. குழம்பு கொதித்தது. வெந்நீரும் போட்டேன். உள்ளே செக்கச்செவேலென்று கனிந்துகொண்டே இருந்தது. சாமுண்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் முதுகில் காதை வைத்தேன். விசில் மாதிரி கேட்குமே, அது கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாளும் கேட்கவில்லை. அப்பாடா என்று தரையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். எத்தனை மாசமாயிற்று அப்படி உட்கார்ந்து!

அமாவாசைக்கு மறுநாள் கமலாம்பாள் வந்தாள். நெற்றி நிறைய அங்காளம்மன் குங்குமம், கையில் குழந்தைக்குத் தைத்த பாவாடை. நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

"அண்ணி, அவ வர்றதுக்கு இல்ல. வூட்ல இப்ப புகையில்ல."

டின்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "மூட்டு" என்றாள். மூட்டிக்கொண்டுவந்து வைத்தேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மார்பில் கையை வைத்தபடி, சோறு பொங்கிக் குழம்பு இறக்குகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறாள்.

"எந் தம்பி பாண்டுவோட கார்டு வந்ததுலேந்து எனக்குத் தூக்கமில்ல ரத்தினம். கொழந்த வேணும்னு நா வேண்டாத சாமியில்ல, உனக்கே தெரியும். ஆனா மூச்சு தெணர்ற புள்ளய எங்கையில குடுத்து, ஏதானா ஒண்ணு ஆயிட்டா, பெத்தவ உம்மொகத்துல நா எப்பிடி முழிப்பேன்? நேத்து ஆத்தாகிட்ட இன்னா வேண்டிக்கினேன் தெரியுமா? இழுப்பு நின்னுடணும், இவ உங்கிட்டயே இருக்கணும்னுதான்."

அவளைப் பற்றி நான் பேசியிருக்கிற பேச்சுக்கு ஒரு கணக்கில்லை. ஒன்றாவது அப்போது ஞாபகம் வராமல் இருக்கக்கூடாதா, எல்லாம் வந்தது. "சாப்பிடுங்க அண்ணி" என்று மட்டும் சொன்னேன். அவளும் அவரும் சாமுண்டியும் ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் இரண்டாம் தரம் சோறு வாங்கிக்கொண்டாள்.

கைகழுவிவிட்டு, "ரத்தினம், இந்த டின்ன எனக்குக் குடுத்துடு" என்றாள்.

"இதுவா? உங்க வூட்லதான் சமையக்கட்டு தனியா இருக்குதே அண்ணி."

"இருக்குது. பொங்கலுக்கு இவள அனுப்புவ இல்ல? வந்தா எங்கூட அடுப்பாண்ட ஒக்காராமயா இருப்பா?"

சாம்பலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து ஆறவைத்து, டின்னைத் துடைத்துக் கொடுத்தேன். பாட்டிலையும் கொடுத்தேன். எப்படி அடைக்க வேண்டும் என்று மூன்று தரம் சொன்னேன், அவள் மூன்று தரமும் திருப்பிச் சொன்னாள். பஸ் ஏற்றிவிடப் போனபோது கண்டக்டர், "இன்னாமா டின்னு, மண்ணெண்ணெயா?" என்று பாய்ந்து வந்தான். "எம் மருமவளுக்கு அடுப்பு" என்று சொல்லி மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டில் மூட்ட அடுப்பு இல்லை, மண் அடுப்பைத்தான் நான் இனித் தொடப்போவதில்லையே. மத்தியானச் சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டோம். "இருந்த ஒண்ணையும் தூக்கிக் குடுத்துட்டியே" என்று அவர் முனகினார். நாளைக்கு வேறு டின் கொண்டுவரச் சொன்னேன். சாமுண்டி புதுப் பாவாடையைக் கழற்றமாட்டேன் என்று அப்படியே என் மடியில் படுத்திருந்தாள்.

"நா எப்பம்மா அத்த வூட்டுக்குப் போவேன்?"

"பொங்கலுக்கு. நல்லா ஒரு வாரம் இருந்துட்டு வா" என்றேன்.