சறுக்குக் குழியில் நெல்

பொதுக்களத்தை ஒட்டி வயல் வைத்திருக்கும் பஞ்சநாதன் எதையும் சும்மா செய்யமாட்டார் என்பது கனகாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்த அவர் மகள் பூமிகா, ஊர்ப்பிள்ளைகள் ஸ்கேட்போர்டு விடுவதற்கென்று ஊராட்சியில் அனுமதி வாங்கி, பொதுக்களத்து ஓரத்தில் சிமெண்டுக் குழி கட்டியபோது கனகாவுக்கு வயிறு எரிந்தது. நாலு பக்கமும் சரிவு, நடுவில் வழவழப்பான தரை. பெரிய வாணலி மாதிரி.

"பலகையில சறுக்கவாம்! களத்தக் கொஞ்சம் கொஞ்சமா முழுங்கப் பாக்குறாரு" என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தாள்.

குறுவை அறுத்த வாரம், அவள் நெல்லில் ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் வெயில் போதும். கனகா மூட்டைகளைக் கொண்டுபோய் அந்தக் குழிக்குள்ளேயே கொட்டிப் பரப்பினாள். காயவும் காயும், நெல் பரப்பிய இடம் களம்தான் என்று பஞ்சநாதனுக்கு உறைக்கவும் உறைக்கும்.

அடியில் ஓர் ஓட்டை இருந்தது. குழாய் எங்கே போகிறது என்று பார்த்தாள். பஞ்சநாதன் வயல் வாய்க்காலுக்கு! மழைத்தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பத்தான் இந்தக் குழியா? சாக்கைச் சுருட்டி இறுக்கி அடைத்தாள்.

பூமிகா ஓடிவந்தாள். "அத்தை, அத அடைக்காதீங்க. மழை பேஞ்சா தண்ணி போக வேற வழியில்ல. வானம் கருக்குது, அள்ளிடுவோம், நானும் வர்றேன்."

என்ன அக்கறை! இப்போது அள்ளினால், இடம் அவர்களுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடாதா?

"எங்களுக்கும் வானம் பாக்கத் தெரியும்" என்றாள் கனகா.

மூன்று மணிக்குக் கொட்டித் தீர்த்தது. சரிவுகளில் வழிந்த தண்ணீரெல்லாம் நெல்லின் மேல் நின்றது. பூமிகா உள்ளே குதித்து, சாக்கை உருவிவிட்டு, தன் துப்பட்டாவை ஓட்டையின் மேல் விரித்து மிதித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் வடிந்தது, நெல் தங்கியது. ஆனால் ஊறிப்போயிருந்தது, நாளை மறுநாள் முளை கட்டிவிடும். கனகா கரையில் உட்கார்ந்து நெஞ்சிலடித்துக்கொண்டு அழுதாள்.

சத்தம் கேட்டு ஊர் கூடியது. பக்கத்து வயல்காரர் வீரையன் குழியை எட்டிப் பார்த்தார்.

"பாவி, ஒரு போகத்தையே மூழ்கடிச்சிட்டாளே! கனகா அன்னிக்கே சொன்னுச்சு" என்று பூமிகாவை நோக்கிக் கை நீட்டினார்.

அந்தப் பெண் குனிந்து, ஊறிய நெல்லைக் கையால் அள்ளிச் சாக்கில் போட ஆரம்பித்தாள். கனகாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்தாள்.

"அது மேல பழி போடாதீங்க. ஓட்டைய அடைச்சது நான்தான். அது வேணாம்னுதான் சொல்லுச்சு."

வீரையன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பஞ்சநாதன் உனக்கு என்ன தர்றேன்னு சொன்னாரு?"