வேலிக் குழை

"எழும்படி சிவலை! எழும்பு!"

இராயப்பு மாட்டின் கழுத்துக்கடியில் தோளைக் கொடுத்து முக்கினார். பலிக்கவில்லை. முன்னங்கால்கள் வெடவெடத்தன. பெரிய உடம்பு அவரைச் சுவரோடு நெரித்தபடி சரிந்தது. ஏற்கனவே பாதி மாடுகள் விறைத்துக் கிடந்தன. மிச்சம் தலையைத் தொங்கப் போட்டு நின்றன.

"அப்பா, வெளியில வாங்கோ! உங்களுக்கு மேல விழப்போகுது!" கொட்டில் வாசலில் நின்று கத்தினாள் மகள் தேனுஜா. உள்ளே மட்டும் வரவில்லை.

அகதியாக வந்த புதிதில் இராயப்பு கூலிக்குப் பால் கறந்த பண்ணை அது. ஹனோவருக்கு வடக்கே. கிழட்டு முதலாளிக்கு வாரிசில்லை, இராயப்புவே வாங்கிவிட்டார். போன வருடம் மகளுக்கும் மருமகனுக்கும் எழுதிக் கொடுத்தபோது ஒரேயொரு நிபந்தனை போட்டார். கொட்டிலில் ஒரு மாடாவது நிற்கும்வரை நிலத்தை விற்கக்கூடாது.

சோலார் கம்பனிக்காரர்கள் நிலத்தைக் கேட்டு நடையாய் நடந்தார்கள். "சாணி அள்ளவோ மாமா நான் ஜெர்மனிக்கு வந்தனான்?" என்று மருமகன் இளங்கீரன் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வைத்தே கேட்பான்.

"மாடு நிக்குது தம்பி" என்பார் கிழவர். பேச்சு அத்தோடு செத்துவிடும்.

இன்று அவர் ஞாயிறு பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் மாடுகள் விழத் தொடங்கியிருந்தன.

மிருக வைத்தியர் யூலியா சிவலையின் வாய்க்குள் கையை விட்டாள். கரும்பச்சை ஊசியிலைகள் கொத்தாக வந்தன. தீன் தொட்டியிலும் அதே குழை, கட்டுக் கட்டாக.

"ஐபே. உங்கள் வேலியில் நிற்கிற மரம்தான். கொடிய விஷம், முறிக்க மருந்தில்லை. யார் போட்டது?"

இளங்கீரன் முந்திக்கொண்டான். "வேற ஆர்? வேலிக் குழையை வெட்டி மாட்டுக்குப் போடுறது எங்கட ஊர்ப் பழக்கம். அங்க பூவரசு, இங்க இது! விடியவே வெட்டிப் போட்டிட்டுப் பூசைக்குப் போயிருப்பார்." அதையே ஜெர்மன் மொழியிலும் சொன்னான்.

யூலியா கிழவரைப் பார்த்தாள். "தெரியாமல் செய்ததென்றால் சரி. தெரிந்தே யாராவது போட்டிருந்தால் நான் பொலிசுக்குச் சொல்லியாக வேண்டும்."

இராயப்பு மகளைப் பார்த்தார். அவள் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் வெட்டினனான்" என்றார் வைத்தியரிடம். "பழைய பழக்கம்."

மத்தியானத்துக்குள் கடைசி மாடும் விழுந்தது. யூலியா அவர் தோளை அழுத்திவிட்டுப் புறப்பட்டாள். இளங்கீரன் போனோடு முற்றத்துக்குப் போனான். யாருடனோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

தேனுஜா இப்போதுதான் உள்ளே வந்தாள். "கவலைப்படாதேங்கோ அப்பா. டோர்ட்மண்டில நல்ல முதியோர் இல்லம் ஒண்டு இருக்குது, தமிழ் ஆக்களும் இருக்கினம். வயசு போனா மறதி வாறதுதானே."

"நான் மறக்கேல்லைப் பிள்ளை."

"என்னத்தை?"

இராயப்பு சிவலையின் திறந்த கண்ணைக் கையால் மூடப் பார்த்தார். மூடவில்லை.

"வேலைக்கு வந்த முதல் நாளே முதலாளி எனக்குக் காட்டினது அந்த மரத்தைத்தான். உன்ர மனுசனுக்கு ஐபேக்கும் கறிவேப்பிலைக்கும் வித்தியாசம் தெரியாது. அது மாட்டைக் கொல்லுமெண்டு இந்த வீட்டில நான் சொன்னது ஒராளுக்குத்தான். சின்னனில நீ அந்தச் சிவப்புப் பழத்தைப் பிடுங்கி வாயில வைக்கப் போன அண்டைக்கு."