கதவுக்கு ஒரு மொட்டை

பிரமிளாவின் தலையில் தொப்பி நிற்கவில்லை. பங்காருபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் ஆணோ பெண்ணோ, வலைத்தொப்பி போடாமல் யாரும் உள்ளே போக முடியாது. முன்பெல்லாம் அவள் கொண்டைக்கு எந்தத் தொப்பியும் போதாது. இன்று கொண்டையும் இல்லை, முடியும் இல்லை. தொப்பி நழுவி நழுவிப் புருவத்தில் வந்து உட்கார்ந்தது. 'ஏழுமலையானே, இன்னிக்கு மட்டும் காப்பாத்து' என்று முணுமுணுத்தாள். நாளைக்கே முடி முளைத்துவிடுமா என்று யோசிக்க அவளுக்கு ஏது நேரம்!

விஷயம் இதுதான். சீசன் தொடங்கிய புதிதில் குளிர் ரூம் பைப்பில் அமோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சு முட்ட, எல்லோரும் பின்கதவுக்கு ஓடினார்கள். கதவில் பூட்டு. மாம்பழத்தை யாராவது மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். அதற்காக மானேஜர் புருஷோத்தமன் போட்ட பூட்டு. தெருவெல்லாம் மாம்பழம் உருளும் ஊரில் அதைத் திருடி யாருக்கு விற்பது? அந்த மகாபுத்திசாலிக்கு அது தோன்றவில்லை. சாவி வருவதற்குள் சுலோசனா மயங்கியே விழுந்துவிட்டாள். அந்த நெடியில்தான் பிரமிளா வேண்டிக்கொண்டாள்: கோவிந்தா, இந்தக் கதவு திறந்தே இருக்கட்டும், என் முடியைத் தருகிறேன்.

மறுநாள் பூட்டு பழையபடி தொங்கியது. சாமியை மட்டும் நம்பிச் சும்மா இருக்கிறவள் இல்லை பிரமிளா. சித்தூரில் இருக்கும் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் சுமித்ராவுக்கு ஃபோன் போட்டாள்.

"பேரு வெளிய வந்தா மானேஜரு என்னைத் தொரத்திடுவாரு மேடம். இந்த வருசம் பர்மனென்ட் பண்றேன்னு சொல்லிக்கினு இருக்காரு."

"வராதும்மா. யாரு சொன்னாங்கன்னு நான் வாயைத் தொறக்கக்கூடாது, அது சட்டம். இதுக்காக உன்னை நிறுத்தினாலும் நேரா என்கிட்ட வா, நான் விடமாட்டேன்."

சுமித்ரா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வழக்கமான சோதனை மாதிரி வந்தார், பூட்டை அறுக்க வைத்தார், நோட்டீஸ் கொடுத்தார். மானேஜர் கெஞ்சியும் பார்த்தார், குழைந்தும் பார்த்தார். பெயர் மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு முகமாக மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சீசன் முடியட்டும், அப்பறம் மொட்டை அடிச்சிக்கலாம்" என்று புருஷன் திலீப் தலைபாடாக அடித்துக்கொண்டான்.

"வட்டியோட வாங்குற சாமி மாமா அது. கடன் வச்சிக்கினு துன்ற சோறு எனக்கு எறங்காது" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை திருமலை போய் வந்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று தொப்பியை நம்பித்தான் இன்று வந்தாள்.

கை கழுவும் இடத்தில் மானேஜர் நின்றிருந்தார். தொப்பி சரியாக அவர் முன்னால் மூக்குவரை இறங்கியது.

"கழட்டு" என்றார். மொட்டையைப் பார்த்ததும், "இன்னா வேண்டுதலு?"

வேண்டுதலைப் பற்றிப் பொய் சொன்னால் கொடுத்த முடி வீண் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை. வேலை போனால் போகட்டும் என்று பிரமிளா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பின்கதவு தொறக்கணும்னு சார்."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவர்தான் புருஷோத்தமன். இந்த ஒரு முடிச்சுதான் அவருக்குச் சரியாக விழுந்தது.

"அப்ப நீதானா அது! உள்ள போவாதே. ஊட்டுக்குக் கெளம்பு."

பின்னால் நின்ற பாய்லர்காரர் துலுக்காணம் தன் தொப்பியைக் கழற்றினார். சந்தனம் பூசிய தலை பளபளத்தது.

"அப்ப நானும் கெளம்பணுமா சார்? நானும் அந்தக் கதவுக்குத்தான் வேண்டிக்கினேன்." பிரமிளாவிடம் திரும்பினார். "மலை மேல உன்னைப் பாத்தேம்மா. நீ போய்ச் சொல்லிடுவியோன்னு தூணுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினேன்."

வரிசையில் அடுத்து நின்ற வரலட்சுமி தொப்பியைக் கழற்றினாள். அங்கேயும் மொட்டை.

"நான் மூணு கத்திரி முடிதான் குடுத்தேன் சார்" என்றாள் சுலோசனா. "ஊட்டுக்காரரு முழுசா உடல."

இன்னும் இரண்டு தொப்பிகள் கழன்றன. அன்றைய நெடியில் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கோவிந்தனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் பயந்து திரிந்திருக்கிறார்கள். யாரோ களுக்கென்று சிரிக்க, வரிசை முழுவதும் சிரித்தது. பிரமிளாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இத்தனை பேர் கூட இருந்தும் இத்தனை நாள் தனியாகப் பயந்தோமே என்றிருந்தது.

"சரி, சரி. யாருன்னு தெரியாம யாரை அனுப்புறது? எல்லாரும் வேலைக்குப் போங்க" என்று மானேஜர் கையை வீசினார்.

அதோடு தப்பித்திருக்கலாம். ஆனால் சந்தோஷம் வந்தால் பிரமிளாவுக்கு வாய் நிற்காது.

"ஃபோன் பண்ணது நான்தான் சார்."

சிரிப்பு நின்றது. மானேஜர் வாயைப் பிளந்தார். "பேரைச் சொல்லக்கூடாது, சட்டம்னு அந்த மேடம் அவ்ளோ சொன்னாங்களே!"

"அது அவங்களுக்கு சார். என் பேரை நான் சொல்றதுக்கு இன்னா?"

சொல்லிவிட்டுப் பையிலிருந்து லட்டை எடுத்து ஒரு துண்டு பிட்டு நீட்டினாள். திருமலைப் பிரசாதத்தை வேண்டாம் என்று தள்ள இந்தச் சீமையில் எவனுக்குத் தைரியம் உண்டு? அவர் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டுக்கொண்டார். மென்றபடி வரிசையைப் பார்த்தார். இனி இவளை நிறுத்தினால், எதற்காக நிறுத்தினார் என்று சுமித்ராவிடம் சொல்ல இத்தனை மொட்டைச் சாட்சி.

"பர்மனென்ட் கார்டுக்கு ஃபோட்டோ எடுக்கணும்" என்றார், அவளைப் பார்க்காமல். "முடி வளந்ததும் வா."

"இப்பவே எடுங்க சார்" என்றாள் பிரமிளா.