பாலில் கலந்த உம்மை

1

இக்கதைத் தலைவியின் பெயர் பிழைக்காரி. குற்றம் செய்தவள் என்று பொருள் கொள்ளற்க. அச்சகத்தில் பிழை திருத்துபவள்; ஆகவே கணவன் வைத்த செல்லப்பெயர் அது. சோப்பு உறையைக்கூட எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் பிரிப்பாள். ஒற்று மிகக்கூடாத இடத்தில் மிகுந்திருந்தால் அவள் நகம் தானாகவே அங்கே கீறும். பேச்சிலும் அப்படித்தான்: யாரேனும் ஒரு சொல்லை விழுங்கினால், விழுங்கியது எதுவெனத் தேடாமல் விடமாட்டாள்.

கதை பிறந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை வாயிலில் ஒருத்தி தன் தோழியிடம், "எல்லாம் அந்த ஒரு 'உம்'முல மாட்டுச்சு" என்று சொல்லக் கேட்டேன். மேற்கொண்டு கேட்பதற்குள் அவளை உள்ளே அழைத்துவிட்டார்கள். ஆகவே மீதி என் கற்பனை. [ஒட்டுக்கேட்டது என் தவறு. உரக்கப் பேசியது அவள் தவறு.]

2

மருத்துவர் குறித்த நாள் கடந்தும் பிழைக்காரிக்கு வலி எடுக்கவில்லை. கணவனோ கப்பலில் இயந்திரம் பழுது பார்ப்பவன். வாரக்கடைசியில் புறப்பட்டால் திரும்பி வர ஓராண்டு ஆகும். பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டே போவது என்று ஒற்றைக்காலில் நின்றான்.

மாமியார் அவளைத் தெருக்கோடிவரை நடத்திக் கூட்டிப்போனாள். மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னாள். பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கித் தட்டில் வைத்தாள்.

"உள்ள இருக்கிறவருக்கு இடம் வசதியாப் போச்சு போல. காலி பண்ண மனசு வரலை."

"நீங்க இப்படி விரட்டினா எந்தக் குடித்தனக்காரர் வெளிய வருவார், அத்தை?"

செவிலியோ, கணவனும் பக்கத்தில் இருக்கும்போதே, தெளிவாகச் சொல்லியிருந்தாள். "நடங்க, பழம் சாப்பிடுங்க, தப்பில்லை. அதனால வலி வந்துடும்னு உறுதியும் இல்லை. விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம். வயித்தைப் புரட்டி, உடம்புல தண்ணி வத்திப்போகும். குழந்தைக்கும் ஆபத்தாகலாம்."

அதன் பிறகு இரண்டு நாளாக வயிறு கலங்குகிறது. பிள்ளைவலி அன்று, வெறும் பேதி. பிழைக்காரி பழத்தட்டை மோந்து பார்த்தாள். தண்ணீர்ப் பாத்திரத்தை மோந்து பார்த்தாள். மாமியாரின் கைவிரல்களை, அவள் அறியாதபடி,

[இவ்வாக்கியத்தை இங்கேயே கைவிட்டேன். மாமியார் என்றதும் ஐயுறுவது நம் பழக்கம். வாசகரே, தாங்களும் சற்று முன்பே தொடங்கிவிட்டீர்கள் என்பதை நான் அறிவேன்.]

காலைப் பால் மட்டும் கணவன் காய்ச்சித் தருவது. சர்க்கரையும் ஏலக்காயும் தூக்கலாக இருக்கும். முதல் வரைவில் அவனைப் 'பொறுப்பான கணவன்' என்று எழுதியிருந்தேன். இப்போது அந்த அடைமொழி என் கண்ணையே உறுத்துகிறது.

3

அன்று காலை, அவள் குடித்து வைத்த தம்ளரை எடுத்துக்கொண்டே கணவன் பெருமூச்சு விட்டான்.

"ச்ச, பாலும் கைகொடுக்கலையே."

இங்கே சிறிது இலக்கணம் பேச வேண்டியுள்ளது, பொறுத்தருள்க. 'தம்பியும் வந்தான்' என்றால் வேறு யாரோ முன்பே வந்திருக்கிறார்கள். இதனை எச்சவும்மை என்பர். நடையும் பழமும் முன்பே முயன்று தோற்றவை. பாலும் அவ்வரிசையில் போய் நின்றதென்றால், அது வெறும் பாலாக இருந்திருக்க முடியாது.

"பாலும்னா?" என்றாள்.

"என்ன, பாலும்னா?"

"நடந்தேன், கைகொடுக்கலை. பழம் தின்னேன், கைகொடுக்கலை. பால் எப்போ அந்தக் கூட்டத்துல சேர்ந்துச்சு?"

"ஏதோ வாய்தவறி வந்துடுச்சு. உன்கிட்ட வாயைத் திறந்தாலே பிழை."

"பிழை இல்லை. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. அதான் கேக்குறேன்."

அவன் தம்ளரைக் கழுவினான். கழுவியதையே மீண்டும் கழுவினான்.

"ஒரு கரண்டிதான். இயற்கையானதுதானே."

"எது?"

"விளக்கெண்ணெய்."

மாமியார் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். "அந்த நர்ஸ் பொண்ணு வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டாளேடா."

"பெத்த பிள்ளையை நான் ஃபோட்டோவுலயா பாக்கணும், அம்மா?"

4

ஒரு முடிவில், அக்கணமே அவளுக்கு வலி எடுத்தது. கிழித்தெறிந்தேன், அவன் செய்தது சரியென்று ஆகிவிடும். இன்னொன்றில், கப்பல் தாமதமாயிற்று. அதுவும் அவனுக்கே சாதகம். மூன்றாவதில் அவன் விம்மி அழ, அவள் அவன் தோளைத்

[முடிக்கவில்லை. அந்த அழுகையில் எனக்கு நம்பிக்கை இல்லை.]

பிள்ளை எப்போது பிறந்தது, கப்பல் அதற்கு முன் போயிற்றா, பின் போயிற்றா என்பவற்றைத் தாங்களே எழுதிக்கொள்க. நான் எழுதத் துணிவது இவ்வளவே: பிழைக்காரி செவிலியைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். உடனே வரச் சொன்னார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"இரு, நானும் வரேன்," என்றான் கணவன்.

"அத்தை வர்றாங்க. நீங்க கப்பலுக்குக் கிளம்புங்க," என்றாள்.