ஜூலையிலும் விமானம் உண்டு

கேக்கின் மேல் யாரோ மஞ்சள் கிரீமில் விமானம் வரைந்திருந்தார்கள். வால் பக்கம் கொஞ்சம் கோணிப்போயிருந்தது. அதை எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுவது என்று ஷாஜினி கத்தியோடு யோசித்துக்கொண்டிருந்தாள். ராஸ் அல் கைமா விமான நிலையத்தின் பின்பக்க அறை அது. சுவரிலிருந்த டி.வி.யில் சோலாவிங் கம்பெனியின் தலைவர், பனி கொட்டுகிற ஏதோ ஐரோப்பிய நகரத்திலிருந்து, போன வருடம் வியாபாரம் எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். சோலாவிங் உல்லாசப் பயணிகளின் விமானம். குளிரில் விறைத்துப்போன குடும்பங்களை அள்ளிக்கொண்டு வந்து இங்கே கடற்கரையில் காயப்போட்டு, தோல் சிவந்ததும் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் பிழைப்பு.

இருக்கைகள் அநேகமாக எல்லாம் நிரம்பிப் பறந்தோம் என்றார் தலைவர். அது ஷாஜினிக்குத் தெரியாதா என்ன? செக்-இன் கவுண்டரில் நின்று வசவு வாங்கிக் கட்டிக்கொள்கிறவளே அவள்தான். இதுவரை காணாத லாபம் என்றார். புதிய விமானங்கள் வருகின்றன, ஓட்டலையும் டிக்கெட்டையும் சேர்த்து விற்பதைப் பெருக்கப்போகிறோம் என்றார். அறையிலிருந்த எல்லாரும் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு திரையில் ஒரு வரைபடம் வந்தது. ஐரோப்பாவிலிருந்து ஓர் ஆரஞ்சுக் கோடு வளைந்து வந்து அமீரகத்தில் இறங்கியது. "இனி குளிர்காலம் மட்டும் அல்ல. அமீரகத்துக்கு ஆண்டு முழுவதும் பறப்போம்" என்றார் தலைவர். ஷாஜினியின் கை அப்படியே நின்றுவிட்டது. சோலாவிங்குக்கு இந்த ஊரில் மேலாளராக இருக்கும் மார்ட்டினா அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "ஜூலையிலும் நீ இங்கேதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சொல்லின் கனம் மார்ட்டினாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஷாஜினி கழுத்தில் கட்டியிருந்தது சோலாவிங்கின் ஆரஞ்சு ஸ்கார்ஃப். சம்பளம் கொடுப்பதோ, விமான நிலையத்தில் ஆள் வைத்து வேலை பார்த்துத் தருகிற வேறொரு கம்பெனி. அக்டோபர் கடைசியில் சோலாவிங் வரும், ஏப்ரலில் போய்விடும். அது போனதும் கம்பெனி இவளையும் சம்பளமில்லாத லீவில் ஊருக்கு ஏற்றிவிடும். ஆறு குளிர்காலம் இப்படியே போயாயிற்று. சீசனுக்கு வந்து போகிறவளால் குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. கணவன் ஜெகின் சவூதியில், தம்மாமில், பெரிய ஏ.சி.களைப் பழுதுபார்க்கிற சில்லர் மெக்கானிக், கேம்பில் இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுக்கை. மகள் ஜெபிஷா ஊரில், கருங்கலில், ஷாஜினியின் அக்கா வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். மூன்று பேருக்கு மூன்று ஊர், மூன்று சோற்றுப்பானை.

கூத்து அதோடு முடியவில்லை. மே மாதம் இவள் ஊருக்குப் போனால் அவனுக்கு லீவு கிடையாது. கொதிக்கிற வெயிலில் சில்லர் மெக்கானிக்கை எந்த முதலாளி விடுவான்? அவனுக்கு லீவு டிசம்பரில். அப்போது இவள் இங்கே வெள்ளைக்காரர்களின் பெட்டியை நிறுத்துக்கொண்டிருப்பாள். ஒரே வீட்டில் ஒருத்தர் மடித்து வைத்த போர்வையை இன்னொருத்தர் வந்து பிரித்துப் போர்த்திக்கொள்கிற மாதிரிதான் தாம்பத்தியம் நடந்தது. யார் வீட்டுச் சாவுக்கோ கல்யாணத்துக்கோ அடித்துப்பிடித்து ஓடிவந்த நாட்கள்தான் இருவரும் சேர்ந்திருந்த நாட்கள். ஜூலையிலும் விமானம் பறந்தால் இவள் சீசன்காரி இல்லை, நிரந்தரம். நிரந்தரம் என்றால் வீடு எடுக்கலாம், அவனையும் பிள்ளையையும் தன் விசாவிலேயே கூப்பிட்டுக்கொள்ளலாம். ஷாஜினி கேக்கை வெட்டி எல்லாருக்கும் கொடுத்தாள். தனக்கு எடுத்துக்கொள்ள மறந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிறிஸ்தவக் கோயில் வளாகத்துச் சின்ன ஹாலில் குமரி மாவட்டத்துக்காரர்களின் ஜெப ஐக்கியம் கூடும். நடத்துகிறவர் செல்வசிங் அண்ணன். வாரமெல்லாம் டைல்ஸ் கம்பெனியில் சூளையோடு வேகிறவர், அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று இருப்பார். இந்த ஐக்கியத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிடைத்த நன்மைக்குச் சாட்சி சொல்வது எந்த ஊரிலும் இருக்கிறதுதான். இவர்கள் கிடைக்கப்போகிறதற்கும் முன்கூட்டியே சாட்சி சொல்வார்கள், அதுவும் கிடைத்தாயிற்று என்றே சொல்வார்கள். 'கிடைக்கும்' என்று சொன்னால் விசுவாசக் குறைச்சலாம். அதனால் விசா வராதவர் விசா வந்துவிட்டது என்பார், பெண் பார்க்காதவர் கல்யாணம் முடிந்தது என்பார். எது வந்தது, எது இனி வரவேண்டியது என்பதைக் கேட்கிறவர்கள் குரலை வைத்தே பிரித்துக்கொள்வார்கள்.

ஷாஜினி எழுந்தபோது, வேலைக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் எழுந்தாள். செல்வசிங் அண்ணன் விடவில்லை.

"கெடைச்ச பிறவு சொல்லுகதுக்கு ஆயிரம் பேரு உண்டு பிள்ளே. முன்னால சொல்லுகதாக்கும் விசுவாசம். தைரியமா சொல்லு."

ஷாஜினி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு வேல பெர்மனன்ட் ஆயாச்சு" என்றாள். "எனக்க வீட்டுக்காரரும் பிள்ளையும் இனி எங்கூடத்தான் இருப்பாவ." அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. ஹாலே ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அதிர்ந்தது. முன்வரிசையிலிருந்த நர்ஸ் ஜெபகனி அக்கா அதை அப்படியே போனில் படம் பிடித்து, வளைகுடாவிலிருக்கிற சொந்தபந்தமெல்லாம் உறுப்பினராயிருக்கும் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டாள். நல்ல மனசுதான், கைதான் சும்மா இருக்காது.

இரண்டு நாள் கழித்து ஜெகின் போன் செய்தான்.

"வீடியோ கண்டேன் பிள்ளே. ராஜினாமா எழுதிக் குடுத்தாச்சு. மார்ச் கடைசில எக்ஸிட் அடிச்சிருவாவ."

எக்ஸிட் அடிப்பது என்றால் சவூதியை விட்டே கிளம்புகிற அனுமதி. அதை அடித்துவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், பிறகு அந்தக் கம்பெனியும் இல்லை, அந்த வேலையும் இல்லை. அது சாட்சியாக்கும், பேப்பர் இன்னும் கைக்கு வரவில்லை என்று ஷாஜினி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அவன் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தான். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஏ.சி. கடை வைத்திருக்கும் பிஜு வேலை போட்டுத் தருவானாம், பெண்டாட்டி விசாவில் வந்தவன் என்று கேலியும் பண்ணுவானாம், பண்ணிக்கொள்ளட்டுமாம். அவன் இவ்வளவு நேரம் சிரித்து அவள் கேட்டதே இல்லை. அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. தவிர, தலைவரே டி.வி.யில் சொன்னது, மார்ட்டினாவும் சொன்னது. பேப்பர் எங்கே போய்விடும் என்று நினைத்தாள்.

மார்ச் நடுவில் மார்ட்டினா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். கண்ணைச் சுற்றி மை கரைந்திருந்தது. தலைவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. சோலாவிங் ஆண்டு முழுவதும் பறக்கத்தான் போகிறது. ஆனால் இங்கே அல்ல, துபாய்க்கு. அங்கே பெரிய விமான நிலையம், பெரிய ஓட்டல்கள், கோடையிலும் ஆள் வரும். ராஸ் அல் கைமாவுக்கு இந்த ஏப்ரலே கடைசி. அந்த ஆரஞ்சுக் கோடு அமீரகத்தில் இறங்கியது நிஜம், எந்த ஊரில் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. "நானும் இங்கேதான் என்று நம்பினேன். நேற்றுத்தான் எனக்கே தெரியும்" என்று மார்ட்டினா அழுதாள். ஷாஜினிதான் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள். அங்கே எனக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டாள். துபாயில் வேலை பார்த்துத் தருவது வேறு கம்பெனி, அவர்களுக்கு அவர்களுடைய ஆட்கள் இருக்கிறார்கள் என்றாள் மார்ட்டினா. இவளுடைய கம்பெனி மேனேஜர் அவ்வளவுகூட நீட்டவில்லை. "ஏப்ரலோடு கலாஸ், எல்லாம் முடிந்தது. அக்டோபரில் கூப்பிட மாட்டோம், விசாவும் கேன்சல்" என்று சொல்லிவிட்டு அடுத்த போனை எடுத்தார்.

கம்பெனி வளர்ந்தது, இவள் வேலை போனது. யாரைத் திட்டுவது என்று பார்த்தால் ஆளே அகப்படவில்லை. அதுகூடப் பெரிதில்லை, ஜெகினிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் நெஞ்சை அறுத்தது. சொன்னால் அவன் ராஜினாமாவைத் திரும்பக் கேட்பான். வெயில் காலம் வருகிறது, முதலாளி சந்தோஷமாகக் கொடுத்துவிடுவான். பிறகு தலை நரைக்கிறவரைக்கும் தம்மாம்தான். சொல்லாவிட்டால் வந்துவிடுவான், இவளுடைய விசா இல்லாமல் பிஜுவின் வேலையும் நடக்காது, வந்த இடத்தில் இரண்டு பேருக்கும் வேலை இருக்காது. கட்டின புருஷனின் சோற்றில் மண்ணைப் போட்டு அவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறோமே என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் தினமும் அவன் பேசும்போது சொல்லாமலே இருந்தாள். கடைசியில் ஜெபகனி அக்காவிடம் கொட்டினாள்.

"நான் அந்த வீடியோவ போட்டிருக்கப்படாது" என்றாள் ஜெபகனி. பிறகு, "எக்ஸிட் அடிக்குததுக்கு முன்னால சொல்லிரு மக்களே. பிறவு சொன்னா அவன் மனசு ஆறாது" என்றாள்.

மார்ச் கடைசியில் ஒருநாள் காலை, கவுண்டர் திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கயிற்றுக்கு அந்தப்பக்கம் பயணிகள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு வந்து வரிசையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். போன் அடித்தது. ஜெகின்.

"மந்தூப்புக்க ரூமுக்கு வெளியில நிக்கேன்" என்றான். மந்தூப் என்றால் கம்பெனியில் விசா காரியங்களைப் பார்க்கிற ஆள். "அடுத்தது நானாக்கும். இண்ணைக்கு எக்ஸிட் அடிச்சிருவான்."

ஷாஜினி கவுண்டருக்குப் பின்னால் திரும்பி நின்றுகொண்டாள்.

"உள்ள போவாண்டாம்" என்றாள். "பெர்மனன்ட் ஆகல்ல. அண்ணைக்கும் ஆகல்ல, விசுவாசத்துல சொன்னதாக்கும். இப்ப இருக்குத வேலையும் ஏப்ரலோட போச்சு. எழுதிக் குடுத்தத திரும்ப கேளுங்க. தருவாவ."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி பின்னால் வருகிற பீப் சத்தம் மட்டும் கேட்டது. அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தினால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"வேல போனது தெரியாது" என்றான் ஜெகின். "பேப்பர் வரல்லன்னு எனக்கு தெரியும்."

"எப்பிடி?"

"வந்திருந்தா எனக்குத்தான முதல்ல போட்டோ அனுப்பியிருப்ப? டாக்டர் எழுதின மருந்துச் சீட்டயே போட்டோ எடுத்து அனுப்புகவளாக்கும் நீ. குரூப்புல வாற வீடியோவெல்லாம் காணுகவனாக்கும் நான், உங்க ஐக்கியத்துல எப்பிடி சாட்சி சொல்லுவாவன்னு எனக்கு தெரியாதா?"

"பின்ன என்னத்துக்கு ராஜினாமா குடுத்திய?"

அவன் வாசலை விட்டு விலகி நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது.

"இத்தன வருசத்துல ஒருக்காலாவது எங்கூட வந்து இருங்கன்னு நீ சொன்னது உண்டா? ஜெபிஷாக்க பள்ளிக்கூடத்த பேசுவ, வீட்டு வேலைய பேசுவ, வச்சிருவ. நானும் அப்பிடித்தான். உனக்கு நான் வேணும்னே எனக்கு தோணல்ல. அண்ணைக்கு அத்தன பேருக்க முன்னால நிண்ணு அழுதுட்டு சொன்ன. எங்கிட்ட சொல்லாதத கர்த்தர்ட்ட போய் சொல்லியிருக்க."

ஷாஜினி ஸ்கார்ஃபின் நுனியை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். அவன் சொன்னது சரி. அவள் சொன்னதே இல்லை. சொன்னால் அவனுக்கு வேலையில் மனம் ஓடாது என்று நினைத்தாள், பிறகு சொல்லாமலே பழகிப்போயிற்று. இவ்வளவு நாளும் பொறுப்பாக இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருந்தது அந்தப் பக்கத்தில் இப்படியா போய்ச் சேர்ந்திருக்கிறது?

"ஜெகின் பாய், ஜல்தி ஆவோ" என்று போனுக்குள் தூரத்தில் ஒரு குரல் கேட்டது.

"கூப்பிடுகான்" என்றான் ஜெகின். "இப்ப ஐக்கியம் இல்ல, வீடியோவும் இல்ல. எங்கிட்ட சொல்லு. வரட்டா, வேண்டாமா?"

வேண்டாம் என்பதற்கு ஆயிரம் நியாயம் இருந்தது. பள்ளிக்கூடச் செலவு இருந்தது, பாதியில் நிற்கிற வீடு இருந்தது, பிஜுவின் வாக்கு எத்தனை நாளுக்கு என்பது இருந்தது. ஒன்றுகூடக் குறைந்திருக்கவில்லை. மார்ட்டினா தூரத்தில் நின்று கையைக் காட்டினாள், கவுண்டர் திறக்கலாம் என்று. வரிசையில் முதலில் நின்ற வயதானவர் பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே இவளை நோக்கி வந்தார்.

"எனக்கு பயமா இருக்கு" என்றாள் ஷாஜினி.

"எனக்கும்தான்."

"வந்திருங்க" என்றாள். சத்தமாகச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, அடுத்த கவுண்டர் பெண் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு நீங்க வேணும். ஊர்லன்னாலும் சேந்து இருப்போம். வந்திருங்க."

அவன் போனை வைக்கவில்லை. கதவு திறந்து மூடுகிற சத்தமும் நாற்காலி இழுபடுகிற சத்தமும் கேட்டன. வயதானவர் பாஸ்போர்ட்டைக் கவுண்டரில் வைத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமில்லை என்பதுபோலக் கையசைத்தார். ஷாஜினி போனைக் கீபோர்டின் அருகில் மல்லாக்க வைத்தாள். பெட்டியை பெல்ட்டில் ஏற்றச் சொன்னாள். டேக்கைக் கிழித்துக் கைப்பிடியில் சுற்றும்போது ஒட்டுகிற முனை விலகி விலகிப் போயிற்று. போன் திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. தம்மாமில் யாரோ எதையோ நிதானமாக டைப் அடிக்கிற சத்தம் அதிலிருந்து மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது.