அண்ணி எழுப்பிய சாடி

அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருந்த பட்டறைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். உள்ளே இருப்பவர் மண் பிசைவதையும் பானை சுடுவதையும் டிக்கெட் வாங்கியவர்கள் வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம். களிமண் வேலை செய்யும் கலைஞர் ஒருவரை அழைத்து, மூன்று மாதம் தங்க அறை கொடுத்து, மண்ணும் சூளையும் கொடுத்து வேலை செய்யச் சொல்வார்கள். ரெசிடென்சி என்று பெயர். கடைசியில் அவர் செய்ததில் ஒன்றை எடுத்து அருங்காட்சியகத்திலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் செய்தவர் பெயர் இருக்கும். சக்கரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போன எல்லோருக்கும் அந்த ஒரு வரியின் மேல்தான் கண். அண்ணிக்கும் அப்படித்தான்.

யாருக்கு அண்ணி என்பதை முதலில் சொல்லிவிடலாம். அவளும் நாத்தனாரும் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் இந்த வேலையைப் படித்தவர்கள். வாடி போடி என்று திரிந்தவர்கள். ஒரு நாள் நாத்தனார் தோழியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள், அண்ணன் பார்த்தான், அவ்வளவுதான், தோழி அண்ணியாகிவிட்டாள். தனியாக இருக்கும்போது இருவருக்கும் இன்றும் 'டீ'தான். நாத்தனார் வாயில் திடீரென்று 'அண்ணி, நீங்க' என்று மரியாதை வழிந்தால், ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று பொருள்.

அண்ணி வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்த வேண்டிய இடத்தில் இருவரும் சூளை போட்டிருந்தார்கள். கார் பாவம், தெருவில் வெயிலில் கிடந்தது. சக்கரத்தில் வனைவது அண்ணி, வனைந்ததன்மேல் கிளேஸ், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடி மாதிரி மின்னும் நிறப்பூச்சு, பூசுவது நாத்தனார். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. நாத்தனார் சக்கரத்தில் உட்கார்ந்தால் மண் ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள். கிண்ணம் செய்ய ஆரம்பித்தாலும் கடைசியில் நாய்க்குச் சோறு வைக்கும் தட்டுதான் வரும். அண்ணி கிளேஸ் கலக்கினாலோ, எல்லாம் மருந்து பாட்டில் நிறம். ஆனால் அண்ணி எழுப்பிய சாடியின் மேல் நாத்தனார் தன் பச்சையை ஊற்றிச் சுட்டு எடுத்தால், பார்க்கிறவர் பேச்சை மறந்து நிற்பார். பொய் சொல்லக் கூடாது, அந்தப் பச்சை அப்படிப்பட்ட பச்சை.

ரெசிடென்சிக்கு ஒருவர் பெயரில்தான் போக முடியும். யார் போவது என்று அண்ணி கேட்டு முடிப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"அண்ணி, நேர்ல கேள்வி கேட்டா உங்களுக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். நான் போறேன். எதையாவது எடுத்து வச்சுக்கிட்டாங்கன்னா ரெண்டு பேர் பேரையும் போட வைக்கிறது என் பொறுப்பு."

"நிச்சயமா?"

"சத்தியமா."

அண்ணியின் புருஷன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினான். "யார் பேர்ல போனா என்ன? வெளியாளா? நம்ம வீட்டுக்குள்ளதானே." அவன் மண்ணைத் தொட்டதே கிடையாது, தொட்டால் கை வெடிக்குமாம். தீர்ப்பு மட்டும் எப்போதும் அவனுடையதுதான்.

நாத்தனார் போனாள். சில நாள் கழித்து போன் வந்தது. "அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்தபோதே அண்ணிக்குப் புரிந்துவிட்டது.

"விஷயத்துக்கு வாடி."

"ஒரு பானைகூட நிக்க மாட்டேங்குது. கண்ணாடிக்கு வெளியில நின்னு சின்னப் பசங்க சிரிக்குதுங்க. மானம் போகுது அண்ணி. நீங்க வீட்டுல வனைஞ்சு, முதல் சூடு மட்டும் போட்டுக் கொண்டு வந்தீங்கன்னா, நான் கிளேஸ் பூசிச் சுட்டுக்குவேன். திங்கக்கிழமை இங்க விடுமுறை, ஒரு ஈ காக்கா இருக்காது."

"முதல்லேருந்து கடைசி வரைக்கும் அங்கேயேதான் செய்யணும்னு சட்டம் இல்ல?"

"இருக்கு. அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன். வேற யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

இந்த இடத்தில் அண்ணி போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. நாத்தனார் வெறுங்கையோடு திரும்பினால் அந்தப் பெயர் வரியும் அவளோடு திரும்பி வந்துவிடுமே என்ற பயம்.

அப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அண்ணி பழைய போர்வையில் பானைகளைச் சுற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு பட்டறையின் பின்வாசல் வழியாகப் போனாள். சாடி மாதிரி எதையும் அடியில் பூசாமல்தான் சுடுவார்கள், மண்ணின் நிறம் அங்கே தெரிந்துவிடும். வீட்டு மண் சிவப்பு, பட்டறை மண் வெள்ளை. அதனால் திரும்பும்போது அருங்காட்சியகத்தின் வெள்ளை மண்ணைப் பையில் போட்டு எடுத்து வந்து, வீட்டில் அதில் வனைந்தாள். திருட்டு என்று வந்துவிட்டால் அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டாமா!

மற்ற நாட்களில் நாத்தனார் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கிளேஸ் பூசினாள். சக்கரத்தின் மேல் ஈரத்துணி ஒன்று, இப்போதுதான் வேலை முடிந்த மாதிரி, எப்போதும் கிடக்கும். எப்போது வனைவீர்கள் என்று யாராவது கேட்டால், "காலையில, யாரும் இல்லாதப்போ. அப்பதான் என் கை பேசும்" என்பாளாம். ஒரு திங்கட்கிழமை அதைச் சொல்லிக் காட்டினாள்.

"உன் கை பேசினா கெட்ட வார்த்தைதான்டி பேசும்" என்றாள் அண்ணி. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அந்தப் பெரிய சாடியை அண்ணி கொண்டுபோனது இப்படி ஒரு திங்கட்கிழமைதான். மடியில் வைத்தால் தாடையில் இடிக்கும் உயரம். தோள் அகன்று, கழுத்து சட்டென்று ஒடுங்கி, வாய் லேசாக விரிந்து நின்றது. அப்படி ஒன்று அவள் கையில் அதற்கு முன் வந்ததில்லை. புருஷன் கார் ஓட்ட, வழி நெடுக அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போனாள். நாத்தனாரும் தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை, பச்சை அதில் தோளிலிருந்து இறங்கி இடுப்பில் கருநீலமாகத் தேங்கி நின்றது. பட்டறைப் பொறுப்பாளர் அம்மா பார்த்த மாத்திரத்தில், இதுதான் அருங்காட்சியகத்துக்கு என்று சொல்லிவிட்டார்.

அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. "ரெண்டு பேர் பேரையும் சொல்லிட்டியாடி?" என்று கேட்டாள்.

"சொல்றேன், சமயம் பார்த்து."

அடுத்த தடவை கேட்டபோதும் அதே 'சமயம் பார்த்து'தான். அதற்கடுத்த தடவை நாத்தனார் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள். "எப்படிச் சொல்றது அண்ணி? நீங்க வனைஞ்சதுன்னு சொன்னா, எங்க வனைஞ்சாங்கன்னு கேப்பாங்க. வீட்டுலன்னு தெரிஞ்சா சாடியே வெளியில வந்துடும். உங்க பேரும் இல்ல, என் பேரும் இல்ல."

அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. பெயர் வர வேண்டும் என்று சுமந்தாள், சுமந்ததாலேயே பெயர் போட முடியாமல் போனது. யாரைத் திட்டுவது?

"அப்போ என் பேரு?"

"ஏதாவது யோசிக்கலாம் அண்ணி."

கடைசி நாளன்று ஊரைக் கூட்டி விழா வைத்தார்கள். கலைஞர் எல்லோர் முன்னாலும் ஒரு பானை வனைந்து காட்ட வேண்டும். நாத்தனார் முழங்கை வரை கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "சுளுக்கிடுச்சு. எனக்குப் பதிலா என் அண்ணி செஞ்சு காட்டுவாங்க, நான் சொல்லச் சொல்ல" என்று மைக்கில் அறிவித்தாள். இது முன்னமே பேசி வைத்ததுதான். அண்ணி ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. நாலு பேர் பார்க்க இந்தக் கை வனைந்தால், பக்கத்தில் அந்தச் சாடியும் இருந்தால், கண்ணுள்ள ஒருவருக்காவது புரியாதா?

அண்ணி உட்கார்ந்தாள். பேச்சு வராதவளுக்கு மண் வந்தது. "இப்போ நடுவுக்குக் கொண்டு வர்றோம்... இப்போ சுவரை மேல தூக்குறோம்..." என்று நாத்தனார் மைக்கில் சொல்லிக்கொண்டே போனாள். சொல்வதற்கு முன்பே அண்ணி கை அதை முடித்திருக்கும். சுவர் எழுந்து தோள் அகன்றது. கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

பொறுப்பாளர் அம்மா முன்னால் குனிந்து பார்த்தார். சாடியைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். "அட! அச்சு அசல் அதே தோள்!" என்றார். அண்ணி நிமிர்ந்தாள். அந்த அம்மா நாத்தனார் பக்கம் திரும்பினார். "உங்க கையை அப்படியே இவங்களுக்கு வர வச்சிருக்கீங்களே! எத்தனை வருஷமா சொல்லிக் கொடுக்குறீங்க?"

நாத்தனார் அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். மைக் அவள் வாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"கல்யாணமாகி எங்க வீட்டுக்கு வந்ததுலேருந்து சொல்லிக் கொடுக்குறேன். முதல்ல ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. இப்போ பரவாயில்ல."

கூட்டம் கைதட்டியது. அண்ணி சக்கரத்தை நிறுத்தினாள். 

"மீதியை நீங்களே முடிச்சுக் காட்டுங்க டீச்சர்" என்றாள். "உங்களுக்கு ஒரு கையே போதுமே." எழுந்து, மண்கையை முந்தானையில் துடைத்தபடி ஒதுங்கி நின்றாள்.

நாத்தனார் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். கை வைத்தாள். பானையின் கழுத்து ஒரு சுற்று ஆடியது, அடுத்த சுற்றில் தோளோடு சேர்ந்து பொத்தென்று உள்ளே விழுந்தது. கூட்டம் "அச்சச்சோ" என்றது. அப்புறம் நடந்ததுதான் கொடுமை. கை சுளுக்கோடு முயற்சி செய்தாளே என்று எல்லோரும் முன்னிலும் பலமாகக் கைதட்டினார்கள். பொறுப்பாளர் அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

திரும்பும்போது காரில் புருஷன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். "நாலு பேர் முன்னால இப்படியா பண்ணுவ?"

"அந்தச் சாடியை யார் செஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்கென்ன இப்போ? பேர் வாங்குறது நம்ம வீட்டுப் பொண்ணுதானே?"

"அப்போ நான் எந்த வீட்டுப் பொண்ணு?"

அவன் சாலையைப் பார்த்து ஓட்டினான்.

அதன்பிறகு நாத்தனாரும் அண்ணியும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணி வனைந்தவை பூசுவாரில்லாமல் அலமாரியில் வெறும் மண் நிறத்திலேயே நின்றன. நாத்தனாரின் கிளேஸ் வாளிகள் மூடி திறக்கப்படாமல் அடியில் கட்டி தட்டின. சாடியைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வேண்டும் என்று கேட்டு வந்தவர்களுக்கு, கை இன்னும் சரியாகவில்லை என்றே நாத்தனார் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் அவளே வந்து வாசலில் நின்றாள். "பேர் போட்டாச்சுடி" என்றாள். "அந்த அம்மாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி, சாடிக்கும் ஆபத்து வராம, போட வச்சுட்டேன். சொன்ன வார்த்தையைக் காப்பாத்திட்டேன். போய்ப் பாரு." அண்ணி என்று சொல்லாமல் 'டீ' போட்டுப் பேசியதால்தான் அண்ணி நம்பினாள். நம்பியதோடு விடவில்லை, உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். அன்று ராத்திரி முழுக்க, தன் பெயரைப் பெரிதாக எழுதியிருப்பார்களா, சின்னதாகவா என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தாள்.

மறுநாள் புருஷனோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனாள். சாடியைத் தனி மேடையில் விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். "என்ன நிறம், என்ன நிறம்!" என்று யாரோ இருவர் சொல்லிக்கொண்டு நகர்ந்தார்கள். அண்ணிக்கே முதலில் கண்ணில் பட்டது நிறம்தான். அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு ஒரு நிமிடம் ஆனது. பிறகு பக்கத்திலிருந்த அட்டையைப் படித்தாள். மேலே நாத்தனாரின் முழுப்பெயர், தடித்த எழுத்தில். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: குடும்பத்தினரின் ஒத்துழைப்புடன்.

வேறு ஏதாவது இருக்கிறதா என்று அட்டையின் பக்கவாட்டில்கூட எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

புருஷன் அவள் தோளுக்கு மேலாகப் படித்தான். அவன் முகம் மலர்ந்தது. "பாத்தியா! நம்மளையும் போட்டிருக்கா. என் தங்கச்சி யாரையும் விட்டுக்கொடுக்க மாட்டா." தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, போனை அவள் கையில் திணித்துவிட்டு, அட்டைக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றான். "என்னை ஒரு போட்டோ எடு. அந்த எழுத்து நல்லா விழணும்."

அண்ணி போனைத் தூக்கிப் பிடித்தாள். "நீங்க நிக்கிறதுல சாடி மறையுதுங்க" என்றாள்.

"சாடி கிடக்கட்டும்" என்றான் அவன். "பேரு தெரிஞ்சா போதும்."

அண்ணி எடுத்துக் கொடுத்தாள்.